லீவில் போன கோழிகள்

காலை ஏழு மணி இருக்கும். அமுதா என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் ஓர் அலுமினியச் சட்டி. அதன் அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தூசியும் குருணையுமாகக் கோழித் தீவனம்.

"இவ்வளவுதான் டீச்சர். மூட்டைய உதறி, தையலப் பிரிச்சு, அதுல மாட்டிக்கிட்டு இருந்ததையும் உதறிட்டேன். இவ்வளவுதான்."

நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். அவள் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நூற்றுப் பத்து முட்டைக் கோழிகள் இருந்தன. சட்டியில் இருந்தது அவற்றுக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. கப்பல் வந்து மூன்று வாரம் தாண்டிவிட்டது. அடுத்த கப்பல் எப்போது என்று கேம்பல் பே என்ற அந்தத் தீவு ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த நிமிஷம் எனக்கு முதலில் வந்த நினைப்பைச் சொன்னால் வெட்கக்கேடு. கோழிகள் என்ன ஆகுமோ என்று நினைக்கவில்லை. இவள் என்னைத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அவள் சட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "நீங்களே பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஏனென்றால் அந்தக் கோழிப் பண்ணை என்னுடைய யோசனை. அவள் கொல்லையில் நன்றாக விளைந்துகொண்டிருந்த மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அங்கே கொட்டகை போடச் சொன்னவள் நான்.

பதற்றக்காரி

இந்தத் தொடரைப் போன வாரம் வரை படித்தவர்களுக்கு என் சங்கதி தெரியும். எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்து, தினம் படகேறி இக்கரைக்கு, போர்ட் பிளேருக்கு, வந்து படித்த எனக்கு, படகுப் பெட்டிக்குள் எத்தனை லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் உட்காரவே வரும். படகிலிருந்து கண்ணெதிரே ஜெட்டி, அதாவது படகுத்துறை, தெரியும். அப்போதும் எண்ணுவேன். "நீ அழுதுகிட்டுப் பொறக்கல, பதறிக்கிட்டுப் பொறந்த" என்று அம்மா சொல்வாள்.

அப்படிப்பட்ட என்னைத்தான் மாற்றல் போட்டு, இந்தத் தீவுகளின் கடைசித் தீவுக்கு, கேம்பல் பேக்கு, அனுப்பினார்கள். கப்பலில் இரண்டு நாளுக்கு மேல் ஆனது. கார் நிக்கோபாரில் பாதிக் கூட்டம் இறங்கியபோது நானும் இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். பெட்டியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்து பெர்த் அம்மாள்தான் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கேம்பல் பே பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளாதாரம் எடுத்தேன். குவார்ட்டர்ஸுக்கு அடுத்த வீடு அமுதாவுடையது. என்னைவிடப் பத்து வயது இளையவள். நிக்கோபாரில் இன்னொரு தீவான கச்சாலில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். கணவன் லோகு சாலை போடும் கான்ட்ராக்டரிடம் ரோலர் ஓட்டினான். வந்த முதல் வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அதற்குப் பிறகு அந்தத் தீவில் எனக்கு மனுஷி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

மீனும் மனுவும்

நாடுகள் ஏன் ஒன்றோடொன்று வியாபாரம் செய்கின்றன என்பது பொருளாதாரத்தில் ஒரு பாடம். ஒன்றிடம் இருப்பது இன்னொன்றிடம் இல்லை, அதனால் மாற்றிக்கொள்கின்றன. இது குழந்தைக்கும் புரியும். எல்லாவற்றையும் நன்றாகச் செய்யத் தெரிந்த நாடு, எதையுமே சுமாராகச் செய்யும் நாட்டிடம் ஏன் வாங்கவேண்டும்? அங்கேதான் பிள்ளைகள் விழிப்பார்கள். அவர்களுக்கு நான் என் கதையைச் சொல்வேன்.

நான் ஒரு மீனைச் சுத்தம் செய்து முடிக்கிற நேரத்தில் அமுதா நாலு மீனை முடித்துவிடுவாள். எனக்குச் செதில் மூக்குக் கண்ணாடி வரை ஒட்டும். சரி, மனு எழுதுவதிலாவது நான் கெட்டிக்காரியா என்றால் அதுவும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கும் ரேஷன் கார்டுக்கும் இங்கே ஹிந்தியில் எழுதிக் கொடுத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். அமுதா ஹிந்தி மீடியத்தில் படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். இரண்டிலும் அவள்தான் மேல்.

ஆனால் மனுவில் அவள் என்னைவிடக் கொஞ்சம் மேல், மீனில் ரொம்ப மேல். ஒரு மனுவோடு அவள் உட்கார்ந்தால் அந்த நேரத்தில் முடித்திருக்கக்கூடிய மீன் எவ்வளவு? அதனால் இரண்டு வீட்டு மீனையும் அவள் எடுத்துக்கொண்டாள். இரண்டு வீட்டு மனுவையும் நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். யார் மேல் என்பது கணக்கில்லை, எதில் அதிகம் மேல் என்பதுதான் கணக்கு. நாடுகளும் இப்படித்தான் செய்கின்றன என்று சொன்னால் வகுப்பில் எல்லாத் தலையும் ஆடும்.

இந்தப் பெருமையோடு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வராம எங்க போகும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமுதாவின் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். மரவள்ளி ஆள் உயரம் நின்றது. ஓரத்தில் பூசணிக்கொடி. பத்துப் பன்னிரண்டு நாட்டுக் கோழிகள் கிளறிக்கொண்டு திரிந்தன. வீட்டுக்குப் போக மீதிக் கிழங்கை அவள் கடையில் போடுவாள். கிழங்கு எல்லார் வீட்டிலும் உண்டு, யார் வாங்குவார்கள்? முட்டைக்கோ ஆலாய்ப் பறப்பார்கள். மெயின்லேண்டிலிருந்து அட்டை அட்டையாகக் கப்பலில் வரும். வந்து சேர்வதற்குள் பாதி கூழாகியிருக்கும்.

எனக்குள் இருந்த டீச்சர் எழுந்துவிட்டாள். பழைய காலத்து ராஜாக்கள் அடுத்த தேசத்திடம் ஒன்றும் வாங்காமல், எல்லாவற்றையும் விற்றுத் தங்கத்தைச் சேர்த்தால் போதும் என்று நினைத்தார்கள், அது மடத்தனம் என்று ஆரம்பித்தேன். அப்புறம் மீன், மனு. அப்புறம் அவள் நேரம். மரவள்ளியில் குனிந்து நிமிர்கிற நேரத்தைக் கோழியில் போட்டால் என்ன ஆகும் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினேன். எது நமக்கு நன்றாக வருமோ அதை மட்டும் செய்ய வேண்டும், மற்றதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

"தீவனம்?" என்றாள்.

"ஜஹாஸ்ல வரும்." கப்பலை அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்.

"ஜஹாஸ் வரலன்னா?"

"வராம எங்க போகும்" என்றேன்.

நான் சொன்ன பதில் அவ்வளவுதான். சாதாரணமாக, சிரித்துக்கொண்டே சொன்னேன். படகில் ஜாக்கெட் எண்ணுகிறவள் சொன்ன பதில் இது.

அந்தப் பாடத்தில் ஒரு வரி உண்டு: 'போக்குவரத்துச் செலவு ஏதும் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.' கணக்கு சுலபமாக வருவதற்காகச் செய்துகொள்கிற அனுமானம். வருஷா வருஷம் அதைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். உப்புகூடக் கப்பலில் வருகிற ஊரில் நின்றுகொண்டு, கரும்பலகையில் அதை எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஒரு நாளும் கை நின்றதில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை. அமுதா ஒருத்திதான் கேட்டாள்.

மரவள்ளியைப் பிடுங்கிய அன்று நானும் கூடமாட நின்று இழுத்தேன். நாட்டுக் கோழிகள் கறிக்குப் போயின. மெயின்லேண்டிலிருந்து குஞ்சுகள் வந்தன, வளர்ந்தன, முட்டை இட ஆரம்பித்தன. பள்ளி ஹாஸ்டலுக்கும் கடைகளுக்கும் அமுதாவின் முட்டைதான் போனது. அந்த வருஷமே சாலை வேலை முடிந்து கான்ட்ராக்டர் கடையைக் கட்டினார். லோகு வீட்டில் உட்கார்ந்தான். கோழிகள்தான் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டன. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்கிறீர்கள். ஸ்டாஃப் ரூமில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன்.

நிக்லா க்யா?

கப்பல் எப்போது வரும் என்று கேம்பல் பேயில் யாரும் கேட்கமாட்டார்கள். அது ராசி இல்லாத கேள்வி. போர்ட் பிளேரை விட்டுக் கிளம்பியாச்சா என்றுதான் கேட்பார்கள். தமிழன், தெலுங்கன், பெங்காலி, யாரானாலும் கேள்வி ஒன்றுதான்: "ஜஹாஸ் நிக்லா க்யா?" கிளம்பிவிட்டது என்று தெரிந்தால் ஊரின் முகமே மாறிவிடும்.

அந்த மழைக்காலத்தில் கிளம்பவில்லை. முதலில் கடல் சரியில்லை என்றார்கள். பிறகு என்ஜினில் ஏதோ பழுது என்றார்கள். பழுது பார்த்து முடித்தபோது மறுபடியும் புயல் சின்னம். எங்களுக்கு எதிர்வீட்டில் சர்தார் அங்கிள் இருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று, நிலம் கொடுத்துக் குடியேற்றப்பட்டவர்களில் ஒருவர். தினம் காலை ஜெட்டி வரை நடந்துபோய் விசாரித்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது அவர் தலைப்பாகை தூரத்தில் தெரியும். அவர் கையை ஆட்டினால் நல்ல சேதி. அந்த நாட்களில் அவர் கை இடுப்போடு ஒட்டியே இருந்தது.

மனிதர்களுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. ரேஷன் அரிசி இருந்தது, மீன் இருந்தது, தேங்காய் கொட்டிக் கிடந்தது. வெங்காயம் இல்லாமல் குழம்பு வைக்கப் பழகிக்கொண்டோம். கோழிகளுக்குத்தான் ஒன்றும் இல்லை. கடைகளில் இருந்த தீவனத்தை அமுதா ஏற்கெனவே வாங்கிவிட்டாள். அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கிப் போட்டாள்.

பசி வந்த முதல் இரண்டு நாள் கோழிகள் போட்ட கூச்சல் என் படுக்கையறை வரை கேட்டது. பிறகு முட்டை நின்றது. பிறகு ஒன்றின் முதுகை ஒன்று கொத்த ஆரம்பித்தன. முதுகில் சிவப்பாகத் தோல் தெரிந்தது. அப்புறம் சத்தமும் அடங்கிவிட்டது. கூச்சலில் தூங்க முடியாமல் கிடந்த நான், அது அடங்கிய பிறகு சுத்தமாகத் தூங்கவில்லை.

பள்ளிக்கு அமுதா வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் பின்பக்கமாக, சகதியில் இறங்கிப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பில் அந்த வாரம் அயல்நாட்டு வர்த்தகம் நடத்த வேண்டும். அதை விட்டுவிட்டு மக்கள்தொகைப் பாடத்துக்குத் தாவினேன். ஒரு பெண், "மேடம், ஒரு பாடம் விட்டுப்போச்சு" என்றாள். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பலகையை அழிக்கத் திரும்பினேன்.

தெற்குச் சாலை

சட்டியோடு அமுதா வந்த அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போட்டேன். லோகு யாரிடமோ கேட்டு ஒரு பிக்கப் வண்டி கொண்டுவந்தான். மூன்று பேரும் தெற்குச் சாலையில் போய், கோழிக்கு ஆகும் தழை என்று லோகு காட்டியதையெல்லாம் வெட்டி ஏற்றினோம். மழை விட்டிருந்தது. ஒரு மேட்டில் ஏறியதும் கடல் திறந்தது.

தூரத்தில் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. நமக்கு வருகிற மாதிரிச் சின்னக் கப்பல்கள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம் இருக்கும். மேலே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. கிழக்கே போகிறதும் மேற்கே போகிறதுமாக, உலகத்துச் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது என்பார்கள். இங்கே பெரிய துறைமுகம் கட்டி அவற்றை நிறுத்தப்போவதாகவும் பேச்சு இருக்கிறது. அன்றைக்கு ஒன்றும் நிற்கவில்லை.

எனக்குத் தெரிந்த கொள்கைகள் எல்லாம் வரிசையாக மண்டையில் ஓடின. தன்னிடம் நிறைய இருப்பதை வைத்து உண்டாக்கியதை விற்று, தன்னிடம் குறைவாக இருப்பதை ஒரு நாடு வாங்கும். எங்களிடம் மழையும் தேங்காயும் கடலும் நிறைய. ஒரே மாதிரி வசதியுள்ள நாடுகள் ஒரே மாதிரிச் சரக்கைக்கூட மாற்றிக்கொள்ளும், கார் கொடுத்துக் கார் வாங்கும், அமுதா வீட்டு மீன் குழம்பும் என் வீட்டு மீன் குழம்பும் ஞாயிற்றுக்கிழமை வேலி தாண்டுவதுபோல. பக்கத்தில் இருக்கிறவரோடும் பெரிய ஆளோடும்தான் வியாபாரம் அதிகம் நடக்கும் என்று இன்னொரு கொள்கை. எங்களுக்குச் சென்னையைவிட சுமத்ரா பக்கம். அங்கேயும் கோழிகள் இருக்கும், அவை இந்நேரம் வயிறு நிறையத் தின்றிருக்கும். நடுவில் எல்லைக் கோடு இருக்கிறது. படித்ததில் ஒன்றுகூட ஒரு மூட்டைத் தீவனத்தை இறக்கிக் கொடுக்கவில்லை.

அமுதா அந்தக் கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல ஒண்ணு, ஒரு அரைமணி நேரம் நின்னா போதும்ல டீச்சர்" என்றாள். நான் தழையைக் கட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

தழையும் தேங்காய்த் துருவலும் மீன் கழிவும் கலந்து போட்டதில் கோழிகளுக்குக் கழிச்சல் கண்டது. மறுநாள் காலை ஐந்து செத்துக் கிடந்தன. லோகு குழி வெட்டினான். வெட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "மரவள்ளி இருந்திருந்தா காயவச்சு இடிச்சுப் போட்டிருக்கலாம். ரெண்டு மாசம் தாட்டியிருக்கும்" என்றான்.

அமுதா என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்வேன் என்று அவள் எதிர்பார்த்த மாதிரி இருந்தது.

"தலை வலிக்குது, நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

லீவுக் கோழி

கேம்பல் பேயில் ஒரு வழக்கம் உண்டு. மெயின்லேண்டுக்கு லீவில் போகிறவர்கள் போனால் ஒன்றரை மாதம், இரண்டு மாதம். வீட்டில் இருக்கும் நாலைந்து கோழியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். தீனி பக்கத்து வீட்டுப் பாடு. அதுவரை இடுகிற முட்டையும் பக்கத்து வீட்டுக்கே. திரும்பி வந்ததும் கோழியை மட்டும் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பேர் லீவுக் கோழி. யாரும் எழுதி வைத்ததில்லை, சண்டை வந்து நான் பார்த்ததும் இல்லை.

மறுநாள் அமுதா வேலி ஓரம் வந்து கூப்பிட்டாள். "டீச்சர், எல்லாத்தையும் லீவுல அனுப்பிடலாம்னு இருக்கேன்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. வீட்டுக்கு இரண்டு மூன்று கோழி. நாற்பது வீடு இருந்தால் போதும். எந்த வீட்டிலும் மிச்சச் சோறு இருக்கும், அரிசி புடைத்த குருணை இருக்கும், சப்பாத்தி விளிம்பு இருக்கும். நூறு கோழிக்குப் போதாதது, இரண்டு கோழிக்குப் போதும்.

நான் சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? பதறினேன்.

"அமுதா, இது நாட்டுக் கோழி இல்ல. கொட்டகையில வளந்தது. வெளியில விட்டா நாய் தூக்கிடும், உடும்பு தூக்கிடும்."

"இங்க இருந்தா நாமளே புதைக்கணும்."

"வெட்டித் தின்னுட்டு, செத்துப்போச்சுன்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. லீவுக் கோழிய இங்க யாரும் தின்னதில்ல டீச்சர். நீங்க இந்த ஊருக்கு வந்து அஞ்சு வருஷந்தான் ஆகுது."

அன்று மத்தியானமே ஊர்வலம் தொடங்கியது. லோகு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனான். சர்தார் அங்கிள் நாலு கோழியை வாங்கி, இரண்டு கக்கத்தில் இரண்டிரண்டாக இடுக்கிக்கொண்டார். "எத்தனை நாள் லீவு?" என்று ஹிந்தியில் கேட்டார். அமுதா, "ஜஹாஸ் ஆனே தக்" என்றாள். கப்பல் வருகிற வரை. ரேஷன் கடைக்காரர், நர்ஸ், ஜெட்டியில் கயிறு பிடிக்கிறவர், எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் நிபந்தனை பேசவில்லை. நான் ஒவ்வொரு வீட்டுப் பேரையும் ஒரு நோட்டில் எழுதினேன். அமுதா எழுதச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

சாயங்காலம் கொட்டகை காலி. அமுதா அதன் நடுவில் நின்று, "என்னமோ கல்யாணம் முடிஞ்ச வீடு மாதிரி இருக்கு" என்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என் பங்கு

எனக்கு இரண்டு. சமையலறைக்குப் பின்னால் துவைக்கிற இடத்தில் பழைய கதவைச் சாய்த்து அவற்றுக்கு இடம் செய்தேன்.

அந்த இரண்டு கோழியும் பிழைத்துவிட்டால் நான் செய்ததெல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். சோறு போட்டேன். பிரட் ஊறவைத்துப் போட்டேன். சப்பாத்தி மாவை உருட்டிப் போட்டேன். பள்ளியிலிருந்து இடைவேளையில் ஓடிவந்து போட்டேன். பட்டினி கிடந்த ஜீவன், எதை வைத்தாலும் தின்றது. தின்னத் தின்ன எனக்கு நிம்மதியாக இருந்தது.

எட்டாம் நாள் இரண்டில் பெரியது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. தூக்கிப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தீனிப்பை கல்லாக இறுகிக் கிடந்தது. மாவு உள்ளே கட்டிக்கொண்டுவிட்டது. எண்ணெய் விட்டு நீவினேன், தண்ணீர் ஊற்றினேன். அமுதாவைக் கூப்பிட்டிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். இருபது அடி தூரம். போகவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே நீவினேன். மத்தியானம் அது என் மடியிலேயே செத்துப்போனது.

ஊரே பசித்துக் கிடந்த கோழிகளைப் பிழைக்கவைத்துக்கொண்டிருக்கும்போது, நான் ஒரு கோழிக்கு அளவுக்கு மீறித் தின்னக் கொடுத்துக் கொன்றேன். முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டே அழுதேன்.

திரும்பி வந்தவை

நாலு நாள் கழித்து சர்தார் அங்கிள் ஜெட்டியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வந்தார். கப்பல் கிளம்பிவிட்டது. அதற்கு மூன்றாம் நாள் தீவனம் வந்து இறங்கியது.

அமுதா யார் வீட்டுக்கும் போய்க் கேட்கவில்லை. கொட்டகையைக் கழுவி, புது மரத்தூள் பரப்பிவிட்டு, வாசலில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் வீட்டுக் கோழிக்கு முதுகில் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது. ஜெட்டிக்காரர் இரண்டு வாங்கிப் போனவர், ஒன்றை நாய் கடித்துவிட்டது என்று, பதிலுக்குத் தன் வீட்டு நாட்டுக் கோழியைக் கொண்டுவந்தார். அமுதா வேண்டாம் என்றாள், அவர் வைத்துவிட்டுப் போனார். சர்தார் அங்கிள் நாலையும் கக்கத்தில் இடுக்கியபடியே வந்தார். மொத்தத்தில் ஏழெட்டுக் குறைந்தது. ஒவ்வொருவரும் என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொன்னார்கள். என் நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

நான் ஒரு கோழியோடு போனேன்.

"ஒண்ணுதானா டீச்சர்?"

"நாய் தூக்கிடுச்சு" என்றேன்.

அமுதா என் முகத்தைப் பார்த்தாள். "சரி, விடுங்க" என்று கோழியை வாங்கி உள்ளே விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகையைப் பாதியாக்கினாள். மீதிக் கோழிகளை, விருப்பப்பட்ட வீடுகளுக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிட்டாள். காலியான பாதியில் மறுபடியும் மரவள்ளிக் குச்சி ஊன்றினாள். நாங்கள் பழையபடி பேசினோம், மீன் குழம்பு மாற்றிக்கொண்டோம், சிரித்தோம். அடுத்த வருஷம் எனக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. ஜெட்டியில் அவள் அழுதாள், நானும் அழுதேன்.

நேற்று பேசியது

இந்தப் பத்திரிகை கேம்பல் பேக்கும் போகிறது, கப்பலில்தான், தாமதமாகத்தான். அமுதா வாங்குகிறாள். தமிழ் வாசிக்க அம்மாவிடம் கற்றுக்கொண்டவள், விரல் வைத்து மெதுவாக வாசிப்பாள். இந்த அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, கோழி விஷயத்தில் நான் சொன்ன பொய்யை அவள் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளப் போகிறாள் என்று. பேனாவை மூடிவைத்துவிட்டு போன் போட்டேன். மூன்று தடவை சிக்னல் கிடைக்கவில்லை. அந்த மூன்று தடவையும், கிடைக்காமலே போய்விட்டால் நல்லது என்றுதான் வேண்டிக்கொண்டேன்.

நாலாம் தடவை எடுத்தாள். கடகடவென்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பிரட், மாவு, தீனிப்பை, முருங்கைமரம்.

"நாய் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சர்" என்றாள். "நாய் தூக்கினா இறகு கெடக்கும். உங்க வாசல்ல ஒரு இறகு கெடக்கல. அதுவுமில்லாம, நீங்க மணிக்கொரு தடவ தீனி போட்டத நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

எனக்கு உயிர் வந்தது. "கோவம் இல்லையே?" என்றேன்.

"ஒரு கோழிக்கு என்ன கோவம்."

பின்னால் எங்கோ லோகு யாரையோ கூப்பிடுவது கேட்டது. "இருங்க, வரேன்" என்று அவனிடம் சொன்னாள். போனை வைக்கவில்லை.

"கோழிக்கு இல்ல டீச்சர். மரவள்ளியப் புடுங்கச் சொன்னது தப்புன்னு நீங்க இதுவரைக்கும் ஒரு வார்த்த என்கிட்ட சொன்னதில்ல. அவரு குழி வெட்டுனப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஜெட்டியில அழுதப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அது வந்து அமுதா, புஸ்தகத்துல..." என்று வாய் தன்னால் ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன். அந்தச் சட்டியோடு அவள் என் வாசலில் நின்ற காலையிலிருந்து நான் எதற்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தப்புதான் அமுதா. நீ கேட்ட கேள்வி சரி. நான் சொன்னதுதான் தப்பு."

"ம்" என்றாள்.

"இதையும் சேத்து எழுதிடுங்க" என்றாள்.